கைதானவர் பெயர் எங்கே எழுதப்படுகிறது?

பழனிக்கு மேற்கே, கரும்புத் தோட்டங்களும் வெல்ல மண்டிகளும் சூழ்ந்த பேரூராட்சி நெய்க்காரப்பட்டி. அந்த ஊரில் ஒரு வீட்டுப் பையனை, மாலை நேரத்தில், சாதாரண உடையில் வந்த இருவர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டாரின் முதல் கேள்வி ‘எந்த ஸ்டேஷன்?’ என்பதாகத்தான் இருக்கும். என்ன கேஸ் என்பதெல்லாம் பிறகு. பழனி நகரக் காவல் நிலையமா, தாலுகாவா, அடிவாரமா, மதுவிலக்குப் பிரிவா, வேறு மாவட்டத்திலிருந்து வந்த தனிப்படையா? ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். “ஐயா, எம் பையன் இங்கே இருக்கானுங்களா?” என்று கேட்கும் அம்மாவுக்கு, “விசாரணைக்குத்தாம்மா, காலையில அனுப்பிருவோம்” என்ற பதில் கிடைத்தால் அதுவே பெரிய ஆறுதல். ஆள் இருக்கும் இடமாவது தெரிந்துவிட்டதே!

இந்தக் கேள்விக்கு அலைய விடாமல் பதில் தர வேண்டும் என்று சட்டம் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கைதானவரின் பெயர் எழுதப்பட வேண்டும், எழுதியது மக்கள் கண்ணில் படவும் வேண்டும். ஆனால் நடப்பது தலைகீழ். குடும்பம் தவிக்கும் முதல் இரவில் அந்தப் பதிவு கைக்கு எட்டுவதில்லை. வழக்கு முடிந்து, விடுதலையும் கிடைத்து, பத்து ஆண்டு கழித்துப் பெண் பார்க்க வருபவருக்கும் வேலை கொடுக்க நினைப்பவருக்கும் அது இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. இந்த இரண்டில் எந்த ஒன்றைச் சரிசெய்யாவிட்டாலும் அநியாயம் தொடரும்.

1986 ஆகஸ்டு 26 அன்று, மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளைச் சேர்த்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்து ஆண்டுக்குப் பிறகு, 1996 டிசம்பர் 18 அன்று, நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ். ஆனந்த் அமர்வு 11 கட்டளைகளை இட்டது. படித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தாளையோ பதிவேட்டையோ பற்றியவை. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். விசாரிக்கும் அதிகாரிகளின் விவரம் பதிவேட்டில் ஏற வேண்டும். கைது செய்யும்போதே ‘அரெஸ்ட் மெமோ’ எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ ஊரில் மதிக்கத்தக்க ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும்; கைதானவரும் கையெழுத்திட வேண்டும்; தேதியும் நேரமும் இருக்க வேண்டும். கைதானவர் கேட்டால் உடலிலுள்ள காயங்களைக் குறித்து, குறிப்பின் நகலை அவரிடமே தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். கடைசிக் கட்டளைதான் நம் பேச்சுக்கு முக்கியமானது: கைதான விவரமும் வைத்திருக்கும் இடமும் 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர வேண்டும்; அங்கே எல்லோரும் பார்க்கும்படி பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

காவலில் ஒருவர் இறந்துபோகும்போது ‘அவர் எங்களிடம் இல்லவே இல்லை’ என்பதுதான் முதலில் சொல்லப்படும் பதில். பெயரும் நேரமும் எழுதப்பட்டுப் பலகையில் ஏறிவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. பதிவின் நோக்கம் இவ்வளவுதான். அது பிடித்துச் செல்லப்பட்டவரின் உயிருக்கான காவல்.

தீர்ப்பில் இருந்த பலகை 2010 நவம்பர் 1 முதல் சட்டத்திலேயே ஏறியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41சி பிரிவு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கைதானவர்களின் பெயர், முகவரி ஆகியவற்றை எழுதிவைக்கச் சொன்னது. நெய்க்காரப்பட்டிக்காரருக்கு அது எவ்வளவு பயன்பட்டிருக்கும்? மாவட்டத் தலைநகர் திண்டுக்கல். பழனி, ஒட்டன்சத்திரம் தாண்டி 60 கிலோமீட்டருக்கும் மேல். ராத்திரி பஸ் பிடித்துப் போய்ப் பலகை பார்க்கும் தாய் யார்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்த இடத்தில் நல்ல மாற்றம் ஒன்றைச் செய்திருக்கிறது. அதன் 37ஆவது பிரிவுப்படி, மாவட்டத்துக்கு ஒருவர் மட்டுமல்லாமல், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்கென நியமிக்கப்பட வேண்டும். கைதானவரின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகிய விவரங்களுக்கு அவரே பொறுப்பு. அந்த விவரங்கள் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எடுப்பாகத் தெரியும்படி வைக்கப்பட வேண்டும். டிஜிட்டல் முறையிலும் வைக்கலாம். 48ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. கைதையும் வைத்திருக்கும் இடத்தையும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்ல வேண்டும். யாருக்குச் சொன்னோம் என்று நிலையத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆளை முன்னால் நிறுத்தும்போது இது நடந்ததா என்று நீதித்துறை நடுவர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். நிலையத்துக்குப் போகிறவர் இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்திருந்தால் போதும். “37ஆம் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி யாருங்க?” என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது சண்டைக்கு நிற்பதாகாது.

சரி, போனில் தேடினால் கிடைக்காதா என்பார்கள் இளைஞர்கள். ஓரளவு கிடைக்கும். 2016 செப்டம்பர் 7 அன்று, யூத் பார் அசோசியேஷன் வழக்கில் நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, சி. நாகப்பன் அமர்வு, முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறை இணையதளத்தில் ஏற்றச் சொன்னது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு மட்டும் அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றங்கள், தீவிரவாதம், போக்சோ போன்ற வழக்குகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஒரு வழக்கை அப்படி மறைத்துவைக்கும் முடிவை டி.எஸ்.பி. நிலைக்குக் குறைந்தவர் எடுக்கக் கூடாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு என்று கொடுத்து எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம். புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியவர் அதன் நிலையையும் பார்க்கலாம்.

ஆனால் எஃப்.ஐ.ஆர். வேறு, கைது வேறு. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பவர் கைதாகாமலே இருக்கலாம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதுக்குப் பதிலாக நோட்டீஸ் கொடுத்து அழைப்பதே முறை என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. மறுபக்கம், கைதானவரின் பெயரே எஃப்.ஐ.ஆரில் இல்லாமலும் போகலாம். திருட்டு வழக்குகளில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று எழுதியிருப்பார்கள். மூன்று மாதம் கழித்து யாரையோ அந்த வழக்கில் சேர்ப்பார்கள். எனவே, ஒருவர் பெயரை எஃப்.ஐ.ஆரில் பார்த்துவிட்டு ‘உள்ளே போயிட்டான்’ என்று சொல்வதும், எஃப்.ஐ.ஆரில் இல்லை என்று நிம்மதியடைவதும் தவறு.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ரிமாண்ட் ஆனதும் பதிவு நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து சிறைக்கும் போய்விடுகிறது. அதன் பிறகு தேடுவது எளிது. பழனி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் ஒருவர் ரிமாண்ட் விவரத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவார். பிறகு வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், தரப்பினர் பெயர் எதைக் கொண்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் வாய்தா தேதியைப் பார்க்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கூப்பிடலாம். காவலில் இருப்பவர் இலவச சட்ட உதவிக்கு உரிமை உள்ளவர், அவருடைய வருமானத்தைக்கூடக் கேட்கத் தேவையில்லை.

ஆபத்தெல்லாம் ரிமாண்டுக்கு முந்தைய மணி நேரங்களில்தான். அந்த நேரத்தை எப்படியாவது எழுத்தில் பதித்துவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டு வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொடுத்த பாடம். “தந்தி அடிச்சிட்டீங்களா?” என்பதுதான் அன்றைக்கு அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் தலைமை நீதிபதிக்கும் ‘இன்ன நேரத்தில் இன்னாரை அழைத்துச் சென்றார்கள்’ என்று தந்தி போகும். காவல் நிலையப் பதிவேடு வேறு நேரம் சொன்னால், தபால் அலுவலக முத்திரை உண்மையைச் சொல்லும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. இப்போது மின்னஞ்சலும் விரைவுத் தபாலும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு வழி உண்டு. பொதுவாக 30 நாள் அவகாசம் என்றாலும், ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. எதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு.

இதையெல்லாம் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1993இல் கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணுவைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். காவலிலிருந்து தப்பிவிட்டார் என்று காவல்துறை சொன்னது. அவர் மனைவி பார்வதி தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில் வழக்கறிஞர் கே. சந்துரு வாதாடிய பிறகே, ராஜாக்கண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதும் உடல் வேறு மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகப் போடப்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தன. 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை, நகை காணாமல் போன புகாரில் ‘விசாரணை’க்கு அழைத்துப் போனார்கள். ஜூன் 28 அன்று அவர் உயிரோடு இல்லை. முதல் தகவல் அறிக்கையே இல்லாமல் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று மதுரைக் கிளை கேட்டது. ‘கைது’ என்று எழுதினால்தானே மெமோ, மருத்துவப் பரிசோதனை, பலகை, நடுவர் எல்லாம்? ‘விசாரணை’ என்ற சொல் அத்தனையையும் தாண்டிப் போய்விடுகிறது.

தாள் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடிபட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் வழக்கில் கைது பதிவாகியிருந்தது, மருத்துவச் சான்று இருந்தது, ரிமாண்ட் உத்தரவு இருந்தது. கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போன இருவரும் ஜூன் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எவரும் காயங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம், நடுவர் முன் நிறுத்தும் அந்த ஐந்து நிமிடத்தை இந்த நாட்டின் மிக முக்கியமான ஐந்து நிமிடமாகக் கருத வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பெயர் எழுதுவதற்கு மதுரைச் சீமையில் இன்னொரு வரலாறும் உண்டு. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தின் பகுதி. அந்த மாவட்டத்தில், உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர்கள் செய்த குற்றம், கைரேகை வைக்க மறுத்ததுதான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிரமலைக் கள்ளர் சமூகத்தையே பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது ஆங்கில அரசு. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். எந்தக் குற்றமும் செய்யாத ஆண்கள் இரவில் வீட்டில் படுக்க முடியாமல் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டியிருந்தது. அந்த மக்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை ‘ரோசாப்பூ துரை’ என்று ஊரே கொண்டாடியது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல்தான். காவல்துறைப் பதிவேட்டில் பெயர் ஏறுவது என்றால் என்ன என்பதை நம் பாட்டன்கள் உடம்பால் அறிந்தவர்கள்.

இன்றைக்கு அளவெடுக்கும் சட்டம் புதிது. 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கிவிட்டு 2022இல் கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், கைரேகை, கருவிழி, புகைப்படம் முதலியவற்றை எடுத்து 75 ஆண்டு வைத்திருக்க அனுமதிக்கிறது. முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் அழித்துவிட வேண்டும் என்ற பாதுகாப்பும் அதில் இருக்கிறது. நிலையத்தில் வைத்திருக்கும் ரவுடிப் பட்டியல், ஹிஸ்டரி ஷீட் போன்றவை காவல்துறையின் உள் ஆவணங்கள், ஊருக்குக் காட்டுவதற்கானவை அல்ல என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் செய்தித்தாளும் செல்போனும் காவல்துறைப் பதிவேடு அல்லவே! ‘வாலிபர் கைது’ என்று ஊர், தெரு, தகப்பன் பெயர், படம் எல்லாம் வருகிறது. அதே வாலிபர் விடுதலையான செய்தி வருவதில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய படம் எந்தத் தீர்ப்பாலும் திரும்பி வராது. போலீஸ் வேலைக்கு மனுப் போட்டால், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கருத விதி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் அதை ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் இது தொழிலாகவே ஆகிவிட்டது. அங்கே பல கவுன்ட்டிகளில், இரவு கைதானவரின் படமும் பெயரும் காலையில் இணையத்தில் இருக்கும். அவற்றை அள்ளிப் போட்டு, நீக்க வேண்டுமானால் காசு கொடு என்று கேட்ட இணையதளங்கள் முளைத்தன. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கவே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பிரிட்டன் எதிர்த் திசையில் நிற்கிறது. குற்றம் சாட்டப்படுவதற்கு முன், விசாரணையில் இருக்கும் ஒருவர் தன் பெயர் வெளிவராது என்று எதிர்பார்ப்பது நியாயமே என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பிரிட்டனின் வழியை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊரில் ‘எந்த ஸ்டேஷன்?’ என்ற கேள்விக்குப் பதிலே கிடைக்காது. அமெரிக்க வழி நம் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தின்றுவிடும்.

நம் மதுரைக் கிளை வரைக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. குற்ற வழக்கொன்றில் முழுமையாக விடுதலையானவர், தன் பெயரைப் போட்டால் தீர்ப்பு இணையத்தில் வந்து நிற்கிறது, பெயரை மறைத்துத் தாருங்கள் என்று கேட்டார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம் என்பது உண்மைதான். நீதிமன்றம் எப்படி முடிவெடுத்தது என்பதை மக்கள் படிக்க, அதில் விடுதலையானவரின் பெயர் தேவைதானா என்பதே என் கேள்வி.

அண்டை மாநிலத்தைப் பார்ப்போம். கேரளக் காவல்துறை மாவட்டவாரியாகக் கைதானோர் பட்டியலை இணையதளத்தில் வெளியிட்டுவந்திருக்கிறது. பெயர், வயது, முகவரி, கைதான இடமும் நேரமும், குற்ற எண், சட்டப் பிரிவு, நிலையம், கைது செய்த அதிகாரியின் பெயரும் பதவியும், நிறுத்தப்பட்ட நீதிமன்றம். ஒரு தாய்க்கு வேண்டியது அத்தனையும் ஒரே வரியில். அதில் குறை, பழைய பட்டியல்களும் அப்படியே கிடந்து, பல ஆண்டு கழித்தும் தேடுபவர் கையில் சிக்குவதுதான்.

உடனே காட்டுவது, பிறகு நீக்குவது என்ற இரண்டையும் தமிழ்நாடு சேர்த்துச் செய்யலாம். 37ஆவது பிரிவு என்ன காட்ட வேண்டும் என்று சொல்கிறது, எத்தனை நாள் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதை மாநில அரசு விதியில் எழுதலாம். ஆள் காவலுக்குள் வந்த சில மணி நேரத்தில் நிலையத்துப் பலகையிலும் காவல்துறை இணையப் பக்கத்திலும் பெயர் ஏறட்டும். அவர் ஜாமீனில் வந்ததும், அல்லது சிறையில் குடும்பத்தார் அவரைப் பார்த்த பிறகு, அது பொதுப் பார்வையிலிருந்து நீங்கட்டும். சிறுவர் என்றால் ஏறவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு அதற்குத் தெளிவாகத் தடை போட்டிருக்கிறது. ‘விசாரணைக்கு’ என்று அழைத்து வருபவரின் பெயரும், வந்த நேரமும் போன நேரமும் அதே பலகையில் ஒரு தனிப் பத்தியில் இருக்கட்டும். அஜித்குமாருக்குப் பிறகு இதை எழுதாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்றையும் அந்த விதியில் சேர்க்க வேண்டும். பழைய 41சி பிரிவு, பலகையில் கைதானவரின் பெயரோடு, கைது செய்த காவல் அதிகாரியின் பெயரையும் பதவியையும் எழுதச் சொன்னது. புதிய 37ஆவது பிரிவில் கைதானவரின் பெயரும் முகவரியும் குற்றமும் இருக்கின்றன. அதிகாரியின் பெயரைக் காட்ட வேண்டும் என்ற வரி இல்லை. டி.கே. பாசு வழக்கின் கட்டளைகளில் முதலாவதே, கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது. விடுபட்ட அந்தப் பெயரை மாநில அரசு தன் விதியில் மறுபடி எழுத முடியும். அதற்கு டெல்லியில் சட்டத் திருத்தம் தேவையில்லை.